ஜெல்லிக்குப் போர்த்திய கோட்டு

துப்பாக்கிச் சோதனைக் கூடத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாராவது கேட்டால், சமையல் வேலை என்பாள் ஜெல்லியக்கா. கேட்டவர்கள் கேன்டீன் என்று நினைத்துக்கொள்வார்கள். அவளும் திருத்தமாட்டாள். இருபத்தாறு வருடம் அவள் காய்ச்சியது ஜெலட்டின். பொடியைக் கரைத்து, நுரை தட்டாமல் சூடாக்கி, அச்சில் ஊற்றி, இரண்டு நாள் குளிரில் இறுக வைத்தால் மனிதச் சதைக்கு ஈடான கட்டி தயார். அதில் சுட்டுப் பார்த்துத்தான் போலீசின் கைத்துப்பாக்கிகளுக்குக் குண்டு வாங்குவார்கள்.

ஓய்வுபெற்று வெகுகாலமாகியும், பிரிட்ஜைத் திறக்கும்போது முகத்தில் அடிக்கும் குளிரில் அந்த நாட்கள் வந்துவிடும். கண்ணாடி போன்ற கட்டிகள். குண்டு எத்தனை அங்குலம் போயிற்று என்று அளவுகோலை வைத்துப் பாட்டுப் போலப் படிக்கும் அதிகாரி.

ஒரு வருடம் முனையில் குழியுள்ள புதுக் குண்டு வந்தது. சதைக்குள் போனதும் குழியில் சதை ஏறி, முனை விரிந்து அங்கேயே நிற்க வேண்டும். ஆளைத் துளைத்துப் பின்னால் நிற்பவர்மேல் பாயக்கூடாது. பத்து முறை சுட்டார்கள். பத்தும் ஒரே ஆழத்தில் பூவாக விரிந்து நின்றன. அதிகாரிக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்றே ஒப்புதல் எழுதிவிட்டார்.

ஏழு மாதம் கழித்து, நல்ல குளிரில், ஆஸ்பத்திரி சர்ஜன் ஒரு சின்னக் குப்பியோடு வந்தார். கத்தியோடு பாய்ந்த ஒருவனைப் போலீஸ் சுட்டதாகவும், அவன் பிழைத்துக்கொண்டதாகவும், ஆனால் குண்டு அவனைத் துளைத்துப் பின்னால் காய்கறி வாங்கிக்கொண்டிருந்த ஒரு டீச்சரின் தொடையில் போய்த் தங்கியதாகவும் சொன்னார். குப்பியில் இருந்த குண்டு விரியவே இல்லை. குழி நிறைய நீலக் கம்பளி நூல் அடைத்திருந்தது.

அதிகாரி பழைய தாள்களைப் புரட்டி, அளவில் தப்பில்லை என்றார். ஜெல்லியக்கா குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"நாம சுட்டது வெறுங்கட்டிய சார். இந்தக் குளிர்ல யாரு சார் கோட்டு இல்லாம நடக்கறாங்க?"

மறுநாள் கணவனின் பழைய கம்பளிக் கோட்டைக் கேட்டாள். பஸ் ஓட்டுநரான அவன், தன்னைச் சுடுவதற்குப் பதிலாகக் கோட்டைச் சுடப்போகிறாளா என்று சிரித்து, பைகளைத் துழாவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். கட்டிமேல் அதைப் போர்த்தி ஐந்து சுட்டார்கள். மூன்று விரியாமல் கட்டியைக் கடந்து மணல்மூட்டையில் புதைந்தன.

தன் ஒப்புதலை அதிகாரி தானே திரும்பப் பெற்று, மேலிடத்தில் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அதன்பின் துணி போர்த்தாமல் எந்தக் குண்டையும் சோதிக்கவில்லை. இனிமேல் கட்டி காட்டுவது அப்படியே வெளியிலும் நடக்குமா என்று அவள் சர்ஜனைக் கேட்டாள்.

"அதெப்படிம்மா நடக்கும்? உங்க கட்டில எலும்பு இல்ல, நுரையீரல் இல்ல. எந்தக் குண்டு பரவாயில்லன்னு அது சொல்லும். ஒரு ஆளுக்குள்ள என்ன ஆகும்னு சொல்லாது."

அந்த வாரமே டீச்சரைப் பார்க்க ஆரஞ்சுப் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பிவிடலாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சொன்னாள்.

"அந்தக் குண்டு நல்லதுன்னு சொன்ன எடத்துலதாங்க நான் வேலை பாக்கறேன்."

டீச்சர் வையவில்லை. நாற்காலியைக் காட்டி, எப்படிச் சோதிப்பீர்கள் என்று முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொல்லி முடிக்க மாலையாகிவிட்டது.

பிறகு இருபது வருடம், டீச்சர் கண்மூடும் வரை, மாதம் ஒருமுறையாவது இருவரும் பார்த்துக்கொண்டார்கள். டீச்சர் கடைசிவரை லேசாக விந்தித்தான் நடந்தார். அவர் வேகத்துக்குத் தன் நடையைக் குறைத்துக்கொள்ள ஜெல்லியக்காவின் கால்கள் பழகிவிட்டிருந்தன. இப்போது தனியாகக் கடைக்குப் போகும்போதும் அவள் மெதுவாகத்தான் நடக்கிறாள்.