ஓடைப் பாலத்தில் ஒட்டிய கேஜ்கள்

ஒரு பலகை எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்து, அதிலிருந்து அது எவ்வளவு தாழ்ந்தது என்று கணக்கிட்டுச் சொல்வது என் தொழில். சொன்னதில் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்வது நிர்வாகத்தின் தொழில்.

இந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. நடந்த அநியாயங்களை வரிசை மாற்றாமல் சொல்கிறேன். முதலாவது, ஃபைபர் பலகை வார்க்கும் கூடத்தில் பிசின் வாடைக்கு மூக்குக் கவசம் கேட்டோம், தராமல் இழுத்தடித்தார்கள். இரண்டாவது, அதைக் கேட்டுத் துண்டுப் பிரசுரம் போட்ட சங்கத்தை ஏற்க மறுத்தார்கள். மூன்றாவது, சங்கத்துக்காகப் பேசிய என்னை, ஆட்களோடு பேச முடியாதபடி சோதனை அறைக்கு மாற்றினார்கள். நான்காவது, கோவில்பட்டிச் சாலைக்கும் ஆலைக்கும் நடுவே ஓடும் ஓடைக்கு எங்கள் பலகையையே பாலமாகப் போட்டு, எல்லோரும் அதில்தான் நடக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவது, அந்தப் பாலத்தின் கால்களைக் கரிசல் மண்ணில் மேலோட்டமாக நட்டார்கள். முதல் நான்கையும் நாங்கள் தாங்கிக்கொண்டோம். ஐந்தாவது என்றைக்காவது ஒருத்தரை ஓடைக்குள் தள்ளும் என்று எழுதிக் கொடுத்தேன். "அளந்து நிரூபி" என்று பதில் வந்தது. அளக்கத் தொடங்கினேன்.

நாடி பார்ப்பவர்

கேஜ் என்பது தபால்தலை அளவுத் தகடு. அதற்குள் மெல்லிய கம்பி மடிந்து மடிந்து ஓடும். பலகையில் ஒட்டிவிட்டால், பலகை வளையும்போது கம்பியும் சேர்ந்து நீளும். பல இடங்களில் எவ்வளவு நீண்டது என்று பார்த்து, பலகை நடுவில் எவ்வளவு தாழ்ந்தது என்று கணக்கிட வேண்டும். இரும்புத் தகடு என்றால் எல்லாப் பக்கமும் ஒரே குணம். ஃபைபர் பலகையோ, கண்ணாடி நார் ஓடும் திசையில் விறைப்பு, குறுக்கே இளக்கம். வார்த்தவர் ஓர் அடுக்கைத் திருப்பிப் போட்டிருந்தால், நான் போட்ட கணக்கு வேறு ஏதோ ஒரு பலகையின் கணக்காகிவிடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்ட மற்றவர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

குளத்தூர்ப் பக்கம் உப்பளம் வைத்திருக்கும் ஒருவர், துருப்பிடிக்காத பலகை வாங்க வந்தார். பாலத்துக்குக் கூட்டிப்போய் இதையெல்லாம் விளக்கினேன். கால்களைப் பற்றிய என் புகாரையும் விடவில்லை. முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அப்போ நீங்க நாடி பாக்குத வைத்தியருன்னு சொல்லுங்க அண்ணாச்சி. சீக்கு இருக்குன்னு சொல்லிட்டு நீங்களும் இதுலதான நடக்குதீங்க?"

யாரும் ஏறாத பாரம்

காலையில் வெறும் பாலத்தில் கேஜின் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வந்தோம். உச்சி வெயிலில் போய்ப் பார்த்தால், காக்கை கூட உட்காராத பாலம் இழுபட்டுக் கிடப்பதாக எண் சொல்கிறது. வெயிலில் பலகையே விரிகிறது. அந்த விரிவைக் கழிக்க, அதே பலகையில் ஒரு துண்டு வேண்டும். அதிலும் ஒரு கேஜ் ஒட்டி, பாரம் ஏற்றாமல் பக்கத்தில் அதே வெயிலில் வைக்க வேண்டும். ஸ்டோரில் துண்டு கேட்டேன். மேனேஜர் அனுமதி வேண்டும் என்றார்கள். மேனேஜரைக் கேட்டேன். ஸ்டோரில் கேட்கச் சொன்னார். குப்பையில் வெட்டிப் போட்ட துண்டுகள் மலையாகக் கிடக்கின்றன; அவற்றைத் தொட்டால் திருட்டு என்பார்கள்.

என்னோடு சோதனை அறையில் வேலை பார்க்கும் முருகன், சூடான கைப்பிடியைத் தொட்டுவிட்டு உதறிக்கொண்டே சொன்னான்: "பாலத்துல வெயிலுதான் ஏறி நிக்குது அண்ணாச்சி. பேசாம அதையும் சங்கத்துல சேத்துக்கிடுவோமா?"

மாறாத எண்

ஒரு வழியாகத் துண்டு கிடைத்து, வெயிலைக் கழித்து, கணக்கும் படிந்தது. பலகை குற்றமற்றது. ஆட்கள் நடந்தால் வளைவு அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு ஐப்பசி மழை பிடித்தது. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல், தண்ணீர் குடித்துக் களியாகக் குழைந்தது. சாலைப் பக்கத்துக் கால்களில் ஒன்று அமிழ்ந்து, பாலம் ஒருச்சாய்ந்து நின்றது. வார்ப்புக் கூடத்துச் செல்லத்தாய் வேலை முடிந்து வரும்போது வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித் தப்பினார். நான் ஓடிப்போய்க் கேஜைப் பார்த்தேன். எண்ணில் மாற்றமே இல்லை.

எங்கள் இன்ஜினியர் ஜெயசீலி மேனேஜரிடம் பொறுமையாகச் சொன்னார்: "சார், கேஜுக்கு இழுபடுறது மட்டுந்தான் தெரியும். பலகை வளையாம காலோட சேந்து அப்படியே சாஞ்சா அதுக்குத் தெரியாது. கால் அசையாதுன்னு வச்சுத்தான் நாம கணக்கே போட்டிருக்கோம்." உட்கார்ந்திருக்கும் ஆளை நாற்காலியோடு பள்ளத்தில் இறக்கினால் அவர் முதுகு வளையுமா என்று நானும் கேட்டேன். மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "எண் மாறலை இல்ல? அப்புறம் எதுக்கு எல்லாரும் கண்ணால பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

இரண்டு தடவை வாசித்த பெயர்

மறுநாள் காலை யாரும் பாலத்தில் ஏறவில்லை. சாலைப் பக்கம் திரண்டு நின்றோம். பாலத்தை மூடு, கால்களை ஆழமாக நடு, அதுவரை கண்மாய்க்கரை சுற்றி வேன் விடு; இவ்வளவுதான் கோரிக்கை. பாலத்தில் ஆபத்தில்லை என்று சொல்பவர் யார், அவர் பெயரை எங்கள் முன்னால் வாசியுங்கள் என்று பேசினேன். மேனேஜர் இதற்காகவே காத்திருந்தவர் போல, ஒட்டுவதற்குக் கொண்டுவந்த அறிவிப்பை விரித்துச் சத்தமாக வாசித்தார். "பாலத்தின் தாழ்வு அனுமதித்த அளவுக்குள் இருப்பதாக அளந்து உறுதி செய்தவர், சோதனைப் பிரிவு, திரு. சு. பரமசிவன்."

பரமசிவன் நான்தான். மழைக்கு முந்தி நான் எழுதிய எண்ணை எடுத்து என் தலையிலேயே வைத்துவிட்டார். அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். கைப்பிடியில் தொங்கியதில் வீங்கிய தோளோடு நின்ற செல்லத்தாய் கேட்டார்: "இந்தப் பாலத்துக்கு உங்க பேச்சுதான் பேச்சுன்னு அவியளே சொல்லிட்டாவ. நீங்க சொல்லுங்க அண்ணாச்சி, நடக்கலாமா, கூடாதா?"

"கூடாது. இந்த நிமிஷத்திலிருந்து மூடியாச்சு" என்றேன். ஜெயசீலி ஒரு கயிற்றை எடுத்துப் பாலத்தின் குறுக்கே கட்டினார். தான் அந்த அர்த்தத்தில் வாசிக்கவில்லை என்று மேனேஜர் தடுமாறினார். செல்லத்தாய் விடவில்லை: "சார், பின்னால நிக்கவியளுக்குச் சரியாக் கேக்கல. உறுதி செஞ்சவர் பேரை இன்னொரு தடவ வாசிச்சிருங்க."

அவர் வாசித்தார்: "சு. பரமசிவன்."

என் பெயரை நிர்வாகம் 'திரு' போட்டு ஊரறிய வாசித்தது அந்த ஒரு நாள்தான், அதிலும் இரண்டாவது தடவை 'திரு'வை எடுத்துவிட்டார்கள்.