ஃபேனைச் சுற்றிய மணி பிளாண்ட்

வியாசர்பாடியில் யாரோ ஒருத்தி மணி பிளாண்ட்டை வெட்டினாளாம். அந்த வாரமே வெளிநாட்டில் இருந்த அவள் மகனுக்கு வேலை போய்விட்டதாம். ரமாபாயின் நாத்தனாருக்கு யாரோ சொன்னது. ரமாபாய் அதைப் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு மாடிப்படி முழுக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது மாடி கெங்கம்மாவிடம் மட்டும் இரண்டு தடவை சொன்னாள்.

காரணம் இருந்தது. கெங்கம்மாவின் மகன் பாரி குவைத்தில் இருந்தான். கிளம்புவதற்கு முன் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஏதோ ஒரு ஆபீஸ் வாசலில் ஒரு கிளையைத் திருடி வந்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டுவிட்டுப் போனான். மணி பிளாண்ட்டைக் கேட்டு வாங்கினால் வராது, திருடி வைத்தால்தான் வரும் என்பார்கள். வந்தது. ஜன்னல் கம்பி, துணிக்கயிறு, புத்தர் படம் என்று தொற்றிப் போய், கடைசியில் ஃபேனைச் சுற்றிக்கொண்டது. இலை அறுபடுமே என்று கெங்கம்மா ஃபேன் போடுவதையே விட்டுவிட்டாள்.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நாளெல்லாம் கட்டிலுக்குக் கட்டில் குனிந்துவிட்டு வந்து அந்தப் புழுக்கத்தில் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் ஞாயிறுதோறும் பாரி வீடியோவில் வந்து, அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே, "செடிய காட்டும்மா" என்பான். "ஃபேனு வரிக்கும் பூட்ச்சா!" என்று சிரிப்பான். சிரித்து முடித்ததும் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. செடி இல்லாவிட்டால் அவன் கூப்பிடுவதும் நின்றுவிடுமோ என்பதுதான் அவள் பயம்.

இந்த ஞாயிறு உடம்பு தாங்கவில்லை. நாற்காலி போட்டு ஏறி வெட்டினாள். வேர்கள் சுண்ணாம்போடு பெயர்ந்து வந்தன. பாட்டிலுக்குள் வேர் பந்தாய்ச் சுருண்டு அழுகியிருந்தது, அதையும் கொட்டினாள். பாட்டிலைக் கழுவி, நல்ல நுனியாய் ஒன்றை மட்டும் அதில் போட்டாள். பாரிக்குக் காட்ட அது போதும்.

மிச்சத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. கையில் கொடுத்தால் யாரும் வாங்க மாட்டார்கள். எல்லாவற்றையும் பக்கெட்டில் போட்டு வாசலுக்கு வெளியே வைத்தாள். கூட்டுவதற்குத் தோதாகப் பாட்டிலையும் அங்கேயே நகர்த்திவிட்டு, வாசலுக்கு முதுகு காட்டிக் கூட்டத் தொடங்கினாள்.

வளையல் சத்தம் கேட்டது.

"கெங்கா, திரும்பிப் பாக்காத!" ரமாபாயின் குரல்.

"நா எங்க பாத்தேன்? வெட்னா வூடு வெளங்காதுன்னியே, உனுக்கு இன்னாத்துக்கு?"

"வெட்னவளுக்குத்தான் தோஷம். திருட்னவளுக்கு இன்னா?"

"சரி, சீக்கிரம் திருடிகினு போ. இடுப்பு நோவுது."

அடுத்து எதிர்வீட்டு லுப்னா, "அக்கா, நா இங்க வரவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். கெங்கம்மா சிரித்தாள். திரும்பவில்லை. அதற்கப்புறம் வந்த செருப்புச் சத்தங்களுக்கும் திரும்பவில்லை.

கூட்டி முடித்து ஃபேனைப் போட்டு உட்கார்ந்தாள். கழுத்தில் காற்று பட்டதும் கண் செருகியது. திடீரென்று ஞாபகம் வந்து வெளியே ஓடினாள். பக்கெட் காலி. பாட்டிலும் இல்லை.

"ரமாபாய்! பாட்டில யாரு எட்த்தது?" என்று படியில் குனிந்து கத்தினாள்.

"திருடு போனத கேக்கக் கூடாதுடி! கேட்டா செடி பட்டுப்பூடும்!" என்று கீழிருந்து பதில் வந்தது.

உள்ளே போன் அடித்தது. பாரி, வீடியோவில். சுவரில் வேர் ஓடிய பழுப்புத் தடங்கள் மட்டும் ஃபேன் வரை போயிருந்தன. கெங்கம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு, முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். இன்றைக்குக் காட்ட அந்த முகம் ஒன்றுதான் இருந்தது.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.