படத்தில் இருப்பவர்

ஈப்போவில் எங்கள் ஊடக அருங்காட்சியகத்தின் புதிய கண்காட்சிக்கு, பழைய நாளிதழ்களில் வந்த நினைவஞ்சலி விளம்பரங்களைப் பெரிதாக்கி ஒரு சுவர் முழுக்க மாட்டியிருந்தோம். விளக்கக் குறிப்புகள் என் பொறுப்பு. பத்திரிகையில் பிழை திருத்தியவன் என்பதால் அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள்.

திறப்புக்கு மூன்று நாள் முன்னால், பக்கத்து ஊரான செமோரிலிருந்து ஒரு பெண் வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அவருடைய அப்பாவின் நினைவஞ்சலியும் சுவரில் இருந்தது. கத்தரித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டை எங்களுக்குத் தந்தவரே அவர்தான். உடன் அவர் சித்தப்பாவும் வந்திருந்தார்.

பெரியவர் அந்தப் படத்தின் கீழே போய் நின்றார். படத்திலிருந்தவரின் இடது புருவத்தை ஒரு தழும்பு இரண்டாகப் பிரித்திருந்தது. பெரியவரின் இடது புருவத்திலும் அதே தழும்பு.

"ஐயா, இது நீங்களா?"

"நான்தான். ஆனா அண்ணனுக்குப் போட்டது."

அண்ணன் இறந்ததும் அவருடைய படம் இருந்த ஐசியை, அதாவது அடையாள அட்டையை, பதிவு அலுவலகத்தில் வாங்கிக்கொண்டார்களாம். வீட்டில் அவருக்கு வேறு படம் கிடையாது. நினைவஞ்சலிக்குப் படம் வேண்டுமே என்று, ஜாடை ஒன்றாக இருந்த தம்பியின் படத்தைக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வோர் ஆண்டும் அதே படம்தான் வந்தது.

"காலையில கோப்பிக் கடையில பேப்பரப் பிரிப்பேன், நானே செத்துக் கெடப்பேன். கடைக்காரன், 'என்ன அண்ணே, இன்னிக்கும் செத்துட்டீங்களா'ம்பான்!" என்று சிரித்தார்.

தவறான படம் வந்தால் மறுநாளே வருத்தம் தெரிவித்துப் பழகியவன் நான். குறிப்பில் உண்மையை எழுதப்போவதாகச் சொன்னேன்.

அந்தப் பெண் பதறிப்போனார். "வேணாம் அண்ணே. அப்பா போனப்ப எனக்கு ரெண்டு வயசு. எனக்கு அப்பா மூஞ்சின்னா இதுதான். எம் பிள்ளைங்களும் தாத்தான்னு இதத்தான் கும்புடுதுங்க. தெறப்புக்கு வாரப்ப அந்தக் குறிப்ப எப்படிப் படிக்குங்க?"

நான் பெரியவரைப் பார்த்தேன்.

"எனக்கென்ன லா, இந்தப் படத்த அண்ணனே வெச்சுக்கட்டும். எனக்குன்னு வேற படம் ஒண்ணு இப்பவே எடுத்துக் குடுங்க. இல்லாட்டி நாளைக்கு நான் போனா இந்தப் பழசையே போட்டுடுவாங்க. அவரு ரெண்டாந் தடவ செத்துட்டாருன்னு ஊரு நெனச்சுக்கும்."

கைப்பேசியில் எடுத்தேன். பெரியவர் கைப்பேசியை வாங்கி அண்ணன் மகளிடம் நீட்டினார். அந்தப் பெண் வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு வயசாயிருந்தா இப்படித்தான் இருந்திருப்பாரு" என்றார்.

சுவரில் எல்லாக் குறிப்புகளும் 'படத்தில் இருப்பவர்' என்ற வரியோடுதான் தொடங்கின. அந்த ஒன்றில் மட்டும் அந்த வரியை எடுத்துவிட்டேன். அச்சுக்கு அனுப்புமுன் வடிவமைப்பாளர் கேட்டார்: "விட்டுப்போச்சா அண்ணே?"

"இல்ல."

"அப்ப படத்துல யாரு?"

இறந்தவரின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பிறகு தம்பியின் பெயரை. இரண்டையும் சொல்லாமல், அப்படியே அனுப்பச் சொன்னேன்.