ஹன்லன் முனையில் என் நீலச் சாரம்

போன மாதம் மார்க்கமில் ஒரு கலியாண மண்டபத்தில், ஜெரோம் எங்கள் 1999ஆம் ஆண்டுத் தீவுப் பயணத்தைச் சொல்லி ஒரு மேசை முழுவதையும் சிரிக்கவைத்தான். அவன் கதையில், இடுப்பில் லுங்கிபோலக் கட்டிய சாரம் அவிழ்ந்து ஏரியோடு போனது எனக்கு. அது பொய். போனது குகனின் சாரம். குகனும் பக்கத்தில்தான் நின்றான், வாயைத் திறக்கவில்லை. ஆகவே இந்தப் பதிவு முதலில் ஒரு திருத்தம். இந்தக் கோடையில் ரொறன்ரோத் தீவுகளுக்குப் போக நினைப்பவர்களுக்கு வழியும் இதிலேயே கிடைக்கும்.

நாங்கள் மூவரும் மோர்னிங்சைட்டில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். ஜெரோம் மன்னார்க்காரன், செத்த வீட்டிலும் பகிடி விடுவான். குகன் அப்போதே வாயால் பிழைக்கத் தெரிந்தவன். இப்போது வீடு விற்கிறான். லோறன்ஸ் வீதியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வாங்குகளின் விளம்பரத்தில் அவன் முகம் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். நான் வேண்டுமென்றே அந்த வாங்குகளில்தான் உட்காருகிறேன்.

தீவின் மேற்கு நுனியில் இருப்பது ஹன்லன் முனை. அங்கே உடுப்பில்லாமல் குளிப்பார்கள் என்று கேள்விப்பட்டு, பள்ளிக்கூடம் முடிந்த 1998 கோடையில் ஒருமுறை கிளம்பினோம். சனம் கூடிய படகுதான் சரியான படகு என்று குகன் சொன்னான். அந்தப் படகு எங்களைக் குழந்தைகள் பூங்காவில் இறக்கியது. அன்னப் படகில் மூன்று பேரும் முழங்கால் இடிக்க உட்கார்ந்து சுற்றிவிட்டு வந்தோம். அடுத்த கோடையில் திரும்பி வந்து, மூவரும் ஒரு துணியில்லாமல் ஏரிக்குள் இறங்குவது என்று அன்றைக்கே சத்தியம்.

பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் படிக்கப் போனோம். ஜெரோம் ஒட்டாவா, நான் வோட்டர்லூவில் கொம்பியூட்டர். குகன் மட்டும் ரொறன்ரோவிலேயே நின்றான். வெள்ளிக்கிழமை தோறும் பின்னேரம் அவன் எனக்கு ஃபோன் எடுப்பான். இரண்டாயிரம் பிறக்கும்போது கொம்பியூட்டர்கள் எல்லாம் குழம்பிவிடும் என்று உலகமே பயந்த காலம் அது. தெரிந்த ஒரு அங்கிளின் கொம்பியூட்டரைச் சரிசெய்து கொடுக்க வேண்டும் என்று கேட்பான். நான் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பேன். யாரும் பேசாத அந்தப் பனிக்கால விடுதியில், அந்த அழைப்புக்காக வியாழக்கிழமையிலிருந்தே காத்திருப்பேன்.

மே மாதம் ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தபோது ஒரு கதை காதில் விழுந்தது. குகனையும் வாணியையும் ஒரு தியேட்டர் வாசலில் கண்டார்களாம். வோபர்னில் இருந்த வாணியை எனக்குப் பிடிக்கும் என்பதை உலகத்தில் ஒரே ஒருவனுக்குத்தான் சொல்லியிருந்தேன். குகனுக்கு. அந்தக் கோடையில் மற்ற இருவரும் தீவுக்குச் சத்தியத்துக்காகப் போனார்கள். நான் அவனிடம் அதைக் கேட்பதற்காகப் போனேன். எங்களுக்கு அப்போது இருபது வயது.

ஜூன் கடைசியில் ஒரு திங்கட்கிழமை. மோர்னிங்சைட் பஸ்ஸில் கெனடி நிலையம், அங்கிருந்து நிலக்கீழ் ரயிலில் யூனியன். ஒன்றேகால் மணித்தியாலம். யூனியனில் இறங்கித் தெற்கே பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் படகுத்துறை. மூன்று வாசல்கள் இருக்கும், மூன்றும் வேறு வேறு இடத்துக்குப் போகும், பலகையை வாசியுங்கள். நாங்கள் ஒரு வருடம் தாமதமாக வாசித்தோம். போகவர நாலு டொலர் சொச்சம் என்று நினைவு. இப்போது இரண்டு மடங்குக்கு மேல்.

படகு நகர்ந்ததும் பனிமூட்டம் வந்தது. கோடைத் தொடக்கத்தில் ஏரி இன்னும் குளிராக இருக்கும், அதன்மேல் சூடான காற்று படும்போது இப்படி வரும். முதலில் நகரத்து உயரக் கோபுரத்தின் தலை மறைந்தது, பிறகு வங்கிக் கட்டடங்கள், பிறகு நாங்கள் விட்டுவந்த கரை. என்ஜின் சத்தம்கூடப் பஞ்சுக்குள் வைத்ததுபோலக் கேட்டது. அந்தப் பதினைந்து நிமிடம், என் நெஞ்சில் இருந்த கேள்விகூட யாரோ ஒருவருடையதுபோல இருந்தது.

துறையிலிருந்து கரைக்குக் கால் மணி நேர நடை. ஒரு பக்கம் சிறிய விமான நிலையத்தின் வேலி, மறுபக்கம் உயரமான மரங்கள். அவற்றின் வெள்ளைப் பஞ்சு காற்றில் மிதந்து வந்து தலையில் இறங்கியது. மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு விமானம் போய்க்கொண்டே இருந்தது.

மணலுக்கு வந்ததும் மூன்று பேரும் பையைத் திறந்து சாரத்தை எடுத்தோம். எங்கள் ஆண்கள் உடுப்பு மாற்றும் முறையே அதுதான். சாரத்தைத் தலைவழியே போட்டு, நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு, உள்ளே எல்லாவற்றையும் கழற்றி, பிறகு இடுப்பில் முடிவது. சுற்றிவர முப்பது பேர் ஒரு நூலும் இல்லாமல் படுத்திருக்கும் கரையில், நாங்கள் ஒருவரை ஒருவர் மறைத்து நின்று, ஒற்றைக் காலில் தத்திக்கொண்டு, மிகுந்த ஒழுக்கத்தோடு நிர்வாணமானோம். குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவி, தொப்பியைத் தவிர வேறெதுவும் அணியாதவர், பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எங்களையே பார்த்துச் சிரித்தார்.

"இப்ப கழட்டுவம்," என்றான் ஜெரோம்.

"தண்ணிக்குள்ள போய்க் கழட்டுவம்," என்றான் குகன்.

கழுத்தளவு தண்ணீர் வரை சாரத்தோடுதான் போனோம். அந்தக் குளிரில் மறைக்க வேண்டியவை தாமாகவே மறைந்துவிட்டன. சாரங்கள் காற்றுப் பிடித்து எங்களைச் சுற்றி மூன்று பெரிய குமிழிகளாக மிதந்தன. நான் வாயைத் திறந்தேன். "குகன், உன்னட்ட ஒண்டு கேக்கவேணும்."

அப்போது அந்தப் பனிப்புகாருக்குள்ளிருந்து ஒரு தலை மிதந்து வந்தது. "தம்பியவை தமிழோ? சாரத்தைக் கண்டனான், எங்கட ஆக்கள் எண்டு விளங்கிட்டுது."

குகன் மூச்சுக்கூட விடாமல் தண்ணீருக்குள் மறைந்தான்.

"ஓம் அங்கிள்," என்றான் ஜெரோம்.

"ஊரில எவடம்?"

"மன்னார்."

"நீர்?" என்று தலை என் பக்கம் திரும்பியது.

"கரவெட்டி," என்றேன்.

"கரவெட்டியில ஆற்ற மகன்?"

அப்பாவின் பெயரைச் சொல்லும்போதுதான் அந்தக் குரலை அடையாளம் கண்டேன். எங்கள் கோயிலில் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, மேற்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே வரும்படி ஆண்களுக்கு அறிவிப்பவர். வாணியின் அப்பா. தண்ணீர் தெளிவாக இருந்தது. அவர் தன் அறிவிப்பைத் தேவைக்கு அதிகமாகவே கடைப்பிடித்திருந்தார்.

அந்த நேரத்தில்தான், வாசகர்களே, குகனின் பச்சைச் சாரம் முடிச்சவிழ்ந்து மேலே வந்தது. மெதுவாக, ஒரு பெரிய இலைபோல விரிந்து அவரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் ஒரு கணமும் யோசிக்காமல் எடுத்து இடுப்பில் சுற்றினார். சுற்றியதும் குரல் மாறிவிட்டது, கோயில் சபைக்காரர் திரும்பிவந்தார்.

"உதில தாழுறது ஆர்?"

குகன் இருமிக்கொண்டு மேலே வந்தான்.

"அட, குகன் தம்பி. இவர் எங்கட கொம்பியூட்டர் பிள்ளை," என்று எங்களுக்கு அறிமுகப்படுத்தினார். "சனிக்கிழமை சனிக்கிழமை வந்து ரண்டாயிரத்துக்குத் திருத்தித் தாறவர். மகள்தான் பக்கத்தில இருந்து உதவி. நல்ல கெட்டிக்காரன்."

சனிக்கிழமை. நான் வெள்ளிக்கிழமை சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறுநாள் எங்கே போனது என்று அப்போது விளங்கியது.

"இஞ்ச வந்தா என்னை ஆரும் ஆரெண்டு கேக்கிறேல்லை, அதுதான் வாறனான்," என்றார் அவர், கொஞ்சம் தாழ்ந்த குரலில். "கண்டதை இஞ்சயே விட்டிட்டுப் போவம், என்ன." குகனின் சாரத்தோடு கரையேறிப் புகாருக்குள் போய்விட்டார்.

ஜெரோம் சிரிப்புத் தாங்காமல் கரைக்கு ஓடி, எங்கள் உடுப்புப் பைகளின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டான். "தேவையானவர் நேர வந்து எடுக்கலாம்," என்று கத்தினான்.

குகனும் நானும் மட்டும். என் கேள்விக்கு இனி வேலை இல்லை. அவன் இரண்டு கையையும் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு, உதடு நடுங்கச் சொன்னான். "மச்சான், உன்ர சாரத்தைத் தாவன்."

நான் முடிச்சை அவிழ்த்து அவனிடம் கொடுத்தேன். நீலக் கட்டம் போட்ட சாரம். பிறகு ஏரியிலிருந்து எழுந்து மணலில் நடந்தேன். சத்தியத்தை முழுதாக நிறைவேற்றியது மூவரில் நான் ஒருவன்தான். அதை ஜெரோம் எங்கேயும் சொல்வதில்லை. ஐம்பது அடி இருக்கும். வெள்ளைப் பஞ்சு ஈர உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது. கிழவி குறுக்கெழுத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. ஒருவரும் பார்க்கவில்லை. என் உடம்புக்கு நிறை இல்லாததுபோல இருந்தது. அவ்வளவு இலேசாக அதற்கு முன்னும் பின்னும் நான் நடந்ததில்லை.

திரும்பும் படகில் புகார் விலகி, நகரம் கழுவி வைத்ததுபோல வந்தது. குகன் என் சாரத்தை மடியில் பிழிந்துகொண்டிருந்தான்.

"சொல்லுவம் எண்டுதான் இருந்தனான்," என்றான்.

"எப்ப?"

சாரத்தை இன்னொருமுறை பிழிந்தான். "அந்தக் கொம்பியூட்டர் மாசி மாசமே சரி வந்திட்டுது மச்சான். அதுக்குப் பிறகும் உனக்கு எடுத்தனான்தானே."

பங்குனியிலும் சித்திரையிலும் அவன் கேட்ட கேள்விகளை யோசித்துப் பார்த்தேன். திரையை எப்படித் துடைப்பது, கொம்பியூட்டர் எலியின் வால் ஏன் நீளம். சிறுபிள்ளைக் கேள்விகள். அவை எனக்காகவா, தன் மனச்சாட்சிக்காகவா என்று இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் நான் முடிவெடுக்கவில்லை. குகனுக்கும் வாணிக்கும் நடந்த கலியாணத்துக்கு நான் போகவில்லை.

இந்த ஜூனில் தனியாகப் போய்ப் பார்த்தேன். மரங்கள் அதே பஞ்சை விடுகின்றன. போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். வார நாளில் காலையிலேயே போங்கள். தண்ணீரும் சாப்பாடும் கையோடு கொண்டுபோங்கள், அந்தப் பக்கம் கடையை நம்ப முடியாது. கடைசிப் படகு எப்போது என்று துறையிலேயே கேட்டு வையுங்கள். ஜூனில் குளிரும், ஆவணி நல்லது. நண்பர்களோடு போவதானால், ஆளுக்கு இரண்டு சாரம் கட்டாயம். கொடுத்தால் திரும்பி வராது. குகன் இன்னும் தரவில்லை.

போன மாதம் அந்தக் கலியாண மண்டபத்திலிருந்து கிளம்பும்போது வாணி வந்து என்னிடம் கேட்டாள். "அண்ணை, எங்கட வீட்டு அலுமாரியில ஒரு பழைய நீலச் சாரம் கிடக்கு. இவர் எறிய விடுறாரில்லை. ஆற்றயெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியாது என்றேன்.