வீடு பார்க்க வந்தவர்களிடம் அம்மா சொன்ன பெயர்

போன தை மாதம், கடலாடி பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் நடந்தது இது. தம்பிக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் மண்டபம் ஊரிலிருந்து எங்கள் வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெண்ணாக வளர்ந்தவள் நான்; இன்றும் பெண்தான். பதினேழு வயதாகியும் வயதுக்கு வரவில்லையே என்று மதுரையில் ஸ்கேன் எடுத்தபோதுதான், எனக்குக் கர்ப்பப்பை இல்லை, ஆண் உடம்பு, பெண் உடம்பு என்று நாம் நினைக்கிற இரண்டிலுமே என் உடம்பு முழுசாக அடங்காது என்று தெரிந்தது. வெளியில் சொல்ல வேண்டாம் என்றார் டாக்டர். அம்மாவும் சொல்லவில்லை. ஊர்தான் தன் இஷ்டத்துக்கு எனக்கு ஒவ்வொரு பெயராக வைத்தது.

அன்று என் ஜெராக்ஸ் கடையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். தம்பி விடவில்லை. அக்கா இல்லாமல் என்ன பேச்சு என்று வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான்.

காபி குடித்து முடித்ததும் பெண்ணின் தாய்மாமா மெதுவாகத் தொடங்கினார். மூத்தவளுக்கு ஏன் இன்னும் முடிக்கவில்லை, ஏதோ குறை என்கிறார்களே, திருநங்கையா என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனாலும் தம்பி எழப் போனான். அம்மா அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"திருநங்கை இல்லண்ணே. அவுகளும் நம்மள மாதிரி மனுசங்கதான், ஆனா அது வேற, இது வேற. எம்மக இடைபாலினம். பிறக்கையிலயே உடம்பு அப்படி அமைஞ்சிருக்கு. குறையுமில்ல, சீக்குமில்ல."

அப்படியானால் நாமெல்லாம் நார்மல், இல்லையா என்று அவர் இழுத்தார்.

"அப்படிச் சொன்னா எம்பிள்ள நார்மல் இல்லேன்னு ஆயிருதுல்ல? நம்மள இடைபாலினம் அல்லாதவுகன்னு சொல்லுங்க. அம்புட்டுத்தான்."

என்னைப் போன்றவர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் போய்வந்து இந்த வார்த்தைகளை ஒருநாள் அம்மாவிடம் விளக்கியிருந்தேன். அவர் பாட்டுக்கு மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். காதிலேயே வாங்கவில்லை என்று நினைத்திருந்தேன்.

சம்பந்தம் போயிற்று என்றே நினைத்தேன். பெண்ணின் அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

"அந்த வார்த்தைய இன்னொருக்காச் சொல்லுங்க மதினி. எங்க சனம் கேட்டா நான் தப்பாச் சொல்லிறக் கூடாதுல்ல."

அம்மா மறுபடி சொன்னார். அவரும் கூடவே சொல்லிப் பார்த்துக்கொண்டார். தாய்மாமாவுக்கு மட்டும் முகம் தெளியவில்லை; சாப்பிடாமலே கிளம்பிப் போனார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. அத்தனை சனத்துக்கும் முன்னால், தம்பி கட்டிய தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டவள் நான்தான்.

இப்போது யாராவது கேட்டால் அந்தப் பெயரை நானே சொல்கிறேன்; சொல்லும்போதெல்லாம், அதற்கு முன்னால் அம்மா சேர்த்துச் சொன்ன 'எம்மக' என்ற சொல்தான் எனக்குள் முதலில் கேட்கிறது.