சித்தியின் சம்பளத்தைப் பாதியாக்கிய அப்பா

என் சித்தி பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய்வருவாள். நல்ல சம்பளம். அந்தச் சம்பளமே அவளுக்கு வினையாகிப் போனது. பெண் பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள், மாப்பிள்ளையைவிடப் பெண் அதிகம் வாங்குகிறாள் என்று தெரிந்ததும், பஜ்ஜியை முடித்துக்கொண்டு நழுவிவிட்டன.

மூன்றாவதாக வர இருந்தவர் பெங்களூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். அங்கெல்லாம் வாத்தியாருக்கு என்ன கொடுப்பார்கள் என்பது நாங்கள் குடியிருந்த ஸ்கெலட்டன் லைன் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால், சம்பளப் பேச்சு வந்தால் சித்தி வாயைத் திறக்கக் கூடாது என்றும், எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்வதாகவும் அப்பா சொல்லிவிட்டார்.

"ராவெல்லாம் கண்ணு முழிச்சு வாங்குற காசு, மாமா. அத்த இன்னாத்துக்குக் கொறைக்கணும்?" என்றாள் சித்தி.

"கல்யாணம் ஆவட்டும், அப்புறம் ஏத்திக்கலாம்" என்றார் அப்பா, சம்பள உயர்வு ஏதோ அவர் கையில் இருப்பது போல.

முதல் இரண்டு பேர் வந்தபோது அலட்டிக்கொள்ளாத சித்தி, இந்த முறை புடவைக்கு மேல் புடவையாக மாற்றிக்கொண்டிருந்தாள். இதுவும் தட்டிப்போனால் அழுதுவிடுவாள் போலிருந்தது. எனக்குப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டே விட்டார்: "பொண்ணுக்கு இன்னா வருதுங்க?"

"உங்க புள்ள வாங்குறதுல பாதி வருங்க" என்றார் அப்பா, கூசாமல்.

மாப்பிள்ளை காபி டம்ளரைக் கீழே வைத்தார். "பாதி இல்லீங்க. என்னவிட ஜாஸ்தி வாங்குறாங்க. நைட் டூட்டி போட்ட மாசம் இன்னும் ஜாஸ்தி. அதுல எனக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அப்பா முழித்த முழி இன்றும் கண்ணில் நிற்கிறது. மாப்பிள்ளையின் அம்மா மகனைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். சித்தி தரையையே பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டாள். அந்த அம்மாவுக்கோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"பூவ எடுத்துக்கினு வாங்க. இனிமே நாம பேசறதுக்கு இன்னா இருக்குது?" என்றார் அவர்.

எல்லோரும் சிரித்தார்கள், அப்பா கடைசியாகச் சிரித்தார். அன்று முதல் இன்றுவரை சித்தப்பாவை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவரும் சித்தியும் விடியற்காலையில் ஒரே ரயிலில் பெங்களூர் போகிறவர்கள் என்பது எனக்கும் தெரியும்தான். ஆனாலும், நைட் டூட்டிப் பணம் வரைக்கும் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, சித்தி முகத்தைப் பார்த்தே கணக்குப் போட்டிருப்பார் என்று முடிவுக்கு வந்தேன். பரீட்சைக்குள் அந்த வித்தையை அவரிடம் கற்றுக்கொண்டுவிட வேண்டும் என்பதுதான் அன்று என் ஒரே கவலை.