ஷூ போட்டு நிற்கும் சபை

எங்கள் தமிழ்ச் சபையின் பெரிய மனிதர்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. ஷார்ஜாவில் ஒரு ஹால் எங்கள் சபையின் பேரில் இருந்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எங்கள் ஆராதனை. பன்னிரண்டிலிருந்து இரண்டு மணி வரை உகாண்டா, கானா, நைஜீரியா ஆட்களுக்கு விட்டுக்கொடுப்போம். நாங்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுக் கார்ப்பெட்டில் உட்காருவோம். அவர்கள் பளபளவென்று ஷூ போட்டு உள்ளே வந்து ஆடிப் பாடுவார்கள். அதுதான் குற்றம்!

கபீல், அதான் விசா கொடுத்த முதலாளி, துரத்திவிட்ட பெண்ணுக்குப் படுக்க இடம் பார்ப்பது, ஆஸ்பத்திரியில் கிடப்பவனுக்கு யார் சோறு கொண்டுபோவது, எல்லாம் அவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரத்தில்தான் முடிவாகும். நாங்கள் என்ன முடிவு செய்வோம்? சபை விருந்தான அசனத்துக்கு மட்டனா, சிக்கனா.

செயலாளர் நாகர்கோவில்காரர், இன்ஜினியர். என்னைக் கூப்பிட்டார். நான் நுவரெலியாவிலிருந்து வந்து அரபி வீட்டில் வேலை செய்பவள்.

"ஷூவக் கழட்டலன்னா ஹால் கெடையாதுன்னு சொல்லிட்டு வா. ஒன்ன மாதிரி வேலை பாக்கவளுவதானே, நீ சொன்னா கேப்பாளுவ."

போய்ச் சொன்னேன். அவர்கள் சபையை நடத்தியவள் ஓர் உகாண்டாக்காரி. அவளும் வீட்டு வேலைதான். இங்கிலீஷில் சொன்னாள்: "ஆறு நாளும் மேடம் வீட்டு வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு தரை துடைக்கிறோம். கர்த்தருடைய வீட்டில் மட்டும்தான் ஷூ போட்டு நிற்கிறோம். கார்ப்பெட்டை நாங்களே கழுவித் தருகிறோம். இதைக் கேட்காதே."

நானும் அதே வெறுங்கால்தானே!

சபைக் கூட்டத்தில் அதை அப்படியே சொன்னேன். செயலாளர் சிரித்தார். "வேலைக்காரிகளுக்கு வந்த ரோஷத்தப் பாத்தியளா!"

"நானும் வேலைக்காரி தானே, சேர்."

"அட, ஒன்னச் சொல்லல. நீ நம்ம ஆளுல்லா."

பத்து வருஷத்தில் அந்த ஆள் வாயிலிருந்து எனக்கு ஒரு 'நம்ம' வந்தது அன்றுதான். வெட்கங்கெட்ட மனசு, குளிர்ந்துபோனது. அவர்களை அனுப்பச் சம்மதிக்கிறவர்கள் கையைத் தூக்கலாம் என்றார். தூக்கினேன்.

அடுத்த வெள்ளி, இனி ஹால் இல்லை என்று சபை எழுதிய கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"நீயும் கை தூக்கினாயா?"

"தூக்கினேன்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கடிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்து, ஹால் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படியென்றால் நீயே வந்து அவர்களிடம் சொல்."